ட்ரெய்லரை மாட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று முன்தினம் உன் தம்பி பேசினான். வேறு எதையோ சொல்ல வந்தவன் வாய்தவறி, நீ உன் வண்டியின் எஞ்சினுக்கு இழுவை கூட்டப் போகிறாய் என்றும், அதற்காக ஏதோ ஒரு பெட்டியை வாங்கி மாட்ட இருக்கிறாய் என்றும், பின்னால் ட்ரெய்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டான். எதற்கு ட்ரெய்லர் என்று கேட்டேன். தெரியாது என்றான். அவன் தெரியாது என்று சொல்லும் குரல் எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவனிடம், அவன் பெற்ற மகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தத்தை மட்டும் எழுதிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் டீசலுக்கு நேர்மாறான பழக்கம் என்பதால், பெட்ரோல் வண்டிகளில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே ஏமாந்துபோகிறார்கள். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் வேகத்தையும் விசையையும் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது என்பது ஒன்றே. ஆகவே டீசலைக் கூட்டினால் விசை கூடும் என்பது உண்மை. ஆனால் கூடுகிற டீசலுக்கு ஈடாகக் காற்றும் கூடாவிட்டால், எரியாமல் மிஞ்சுவது கரும்புகையாக வெளியே போகும், எரிந்தது வெப்பமாக உள்ளேயே நிற்கும். பின்னால் வரும் கரும்புகையைப் பார்த்து வண்டி சீறுகிறது என்று பெருமைப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருடைய எஞ்சினை நான்தான் இறக்கியிருக்கிறேன்.

டர்போ இருப்பதே அந்தக் காற்றைக் கொடுப்பதற்காகத்தான். பள்ளி மேடையில் ஏறி, சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி 1905-ஆம் ஆண்டிலேயே, வெளியே வீணாகப் போகும் புகையின் ஆற்றலைக் கொண்டு காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார் என்று நீ பேசியபோது, கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு என்ன பேசுகிறாய் என்றே புரியவில்லை. நான் எண்ணெய்க் கறை போகாத கையோடு கைதட்டினேன். அன்று நீ சொல்லாமல் விட்ட பகுதி, அமுக்கப்பட்ட காற்று சூடாகும் என்பது. 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 1 பார் என்னும் அழுத்த அளவுக்கு அமுக்கினால் அது ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரிந்து நிற்பதால் அதே இடத்தில் குறைவாகவே அடங்கும். இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் காற்று கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் சொல்கிறேன், கையில் இருக்கும் பணத்தை முதலில் நல்ல இன்டர்கூலருக்கும், டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயைச் சற்றுப் பெரிதாக்கவும் செலவிடு. புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிரழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், புகையின் வெப்பமும் இறங்கும். ஆனால் அந்தச் சாக்கில் புகை வடிகட்டியைக் கழற்றி எறியச் சொல்லும் எவனுடைய பேச்சையும் கேட்காதே. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

இப்போது அந்தப் பெட்டி. அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 1997-இல், ரெயில் எனப்படும் ஒரே பொதுக்குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைக் கொடுக்கும் காமன் ரெயில் முறை கார்களுக்குள் வந்தபோது, ஸ்குரூ டிரைவரால் நான் செய்த வேலையை இனி ஒரு கணினி செய்யும் என்று பயந்தேன். பிறகு அதை மதிக்கக் கற்றுக்கொண்டேன். ரெயிலுக்குள் 1600, 2000 பார் அழுத்தத்தில் டீசல் நிற்கிறது. ஒவ்வொரு தெளிப்பையும் கணினி அளந்து கொடுக்கிறது. நீ வாங்க நினைக்கும் மலிவான பெட்டி என்ன செய்கிறது தெரியுமா? ரெயிலின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கணினியிடம் பொய் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. பம்பும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் தங்களுக்கு விதிக்கப்பட்ட அளவைத் தாண்டி உழைக்கின்றன, எது உண்மையான அளவு என்பது கணினிக்குக் கடைசிவரை தெரியாது. செய்துதான் ஆகவேண்டும் என்றால் கணினிக்குள் இருக்கும் கணக்குகளையே மாற்றி எழுதி முறையாக ரீமேப் செய்பவரிடம் போ. தெளிக்கும் நேரம், டீசலின் அளவு, டர்போவின் அழுத்தம், கியர் பாக்ஸ் தாங்கும் எல்லை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி, வண்டியின் விசையை அளக்கும் டைனோவில் அதை ஏற்றி, முன்னும் பின்னும் அளந்து, தாளில் அச்சிட்டுத் தருபவராக இருக்க வேண்டும். தாள் தர மறுத்தால் எழுந்து வந்துவிடு. ட்ரெய்லர் இழுக்கப் போகிறேன் என்பதை அவரிடம் முதலிலேயே சொல். தனி வண்டி அரை நிமிடம் சீறி ஓடுவதும், சுமையோடு அரை மணி நேரம் ஏற்றம் ஏறுவதும் ஒன்றல்ல; முதலாவதைத் தாங்கும் எஞ்சின் இரண்டாவதில் உருகிப்போகும்.

ஈஜிடி மீட்டர் என்கிறார்களே, புகையின் வெப்பத்தைக் காட்டும் அந்த மீட்டர், அதை மாட்டாமல் எதையும் தொடாதே. இதை நான் வேண்டுகோளாக எழுதவில்லை. அதன் கம்பி டர்போவுக்கு முன்னால், எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் சுமை ஏறும்போது 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி உன்னைத் தூங்க வைத்துவிடும். நீண்ட ஏற்றத்தில் முள் 700 டிகிரியைத் தாண்டி நிற்க விடாதே. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் அந்த வெப்பத்தை எட்டாமல் இருப்பது அடியிலிருந்து பீச்சப்படும் எண்ணெயாலும், ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் புதுக் காற்றாலும்தான். முள் ஏறுகிறது என்றால் கியரை இறக்கு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்து. உயர்ந்த கியரில் குறைந்த சுற்றில் வைத்து அழுத்தி அழுத்தி ஏற்றாதே. அப்போதுதான் கனெக்டிங் ராடும் ஹெட் கேஸ்கெட்டும் அதிகம் அடிவாங்குகின்றன. ஏறி முடித்து நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாதே, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடு, டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்கட்டும்.

நீ கவனமானவள் என்பது எனக்குத் தெரியும். ஏழு வயதில் பதினான்காம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டால் பதினான்கையே எடுத்துத் தந்தவள் நீ. உன் தம்பிக்கு இன்னும் அது வராது. ஆனால் கவனமானவர்கள் உதவி கேட்கமாட்டார்கள், அது ஒரு குறை. அம்மா தினமும் தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். சரி, விடு.

மற்றவை சுருக்கமாக. டயரைப் பெரிதாக்கியிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். 31 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் கியர் விகிதமே ஆறு விழுக்காட்டுக்கு மேல் மாறிப்போகும். வண்டி சோம்பலாக இருக்கிறது என்று நீ நினைப்பதில் பாதி அந்த டயரின் வேலையாக இருக்கலாம், எஞ்சினைக் குற்றம் சொல்லாதே. ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கிளட்ச் தாங்குமா என்று பார்க்க, மேல் கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாக மிதித்துப் பார்; சுற்று எகிறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். பிரேக்கை மறக்காதே. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு வேகம் கூடினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய வெப்பம் பாதிக்கும் மேல் கூடிவிடும், அதுவும் பின்னால் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டு வரும்போது. காப்பீட்டுக்காரர்களிடம் மாற்றங்களைச் சொல்லிவிடு. மீட்டரை மாட்டு.

அந்தப் பச்சை வண்டி மலையில் நின்றுபோனதை நீ மறந்திருக்கமாட்டாய். மழை. உன் தம்பி அழுதான். நீ மட்டும் இறங்கி வந்து என் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இன்ஜெக்டரின் முனையான நாசில் சரியாகத் தூவாமல் டீசலைச் சொட்டவிட்டிருக்கிறது, அதனால் அந்த இடம் மட்டும் எரிந்து துளை விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படி நடப்பதும் உண்டு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நாசிலை மாட்டியவன் பட்டறையில் எனக்குக் கையாளாக இருந்த பையன். நீ அவனைச் சின்னண்ணன் என்று கூப்பிடுவாய். அவனை எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துத் திட்டினேன். நான் சரியாகத்தான் மாட்டினேன் என்று ஒரே ஒரு முறை சொன்னான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். மறுவாரத்திலிருந்து வரவில்லை. நீ இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

உண்மை என்னவென்றால், புறப்படுவதற்கு முந்தைய இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, பம்பில் டீசலின் அளவைக் கூட்டும் ஸ்குரூவை நான் கால் சுற்று திருகினேன். ஓட்டிப் பார்த்தேன், இழுவை நன்றாக இருந்தது. உங்கள் மாமாவின் புது வண்டிக்குப் பின்னால் திணறிக்கொண்டு போகக்கூடாது என்று மனத்தில் ஒரு எரிச்சல் இருந்தது. இன்னொரு கால் சுற்று திருகினேன். மறுநாள் மலையில் கரும்புகை வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் மிதித்தேன், முன்னால் போன வண்டியை எட்டிவிடலாம் என்று. நான்கு பேரை உள்ளே வைத்துக்கொண்டு. பிறகு ஒருநாள் பட்டறையில் தனியாக இருந்தபோது அந்த நாசிலைச் சோதனை பம்பில் மாட்டி அடித்துப் பார்த்தேன். அதில் பழுதே இல்லை. பனிபோல் ஒரே சீராகத் தூவியது. அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பையனைத் தேடிப் போய்ச் சொல்ல எத்தனையோ வருடங்கள் இருந்தன. போகவில்லை. இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. உன் அம்மாவுக்கும் இது தெரியாது, இதைப் படித்த பிறகு நீ சொல்வதானால் சொல்.

இன்ஜெக்டரைப் பற்றி எழுதத்தான் ஆரம்பித்தேன். ரீமேப் செய்வதற்கு முன், ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து பார்க்கச் சொல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் காட்டினால் அதை மாற்றாமல் மேலே போகாதே. கம்ப்ரெஷன் அளவையும் எடுக்கச் சொல். இன்டர்கூலர் குழாய்களில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இழுவை குறைந்துபோனதற்கு ஒரு தளர்ந்த கிளாம்ப் மட்டுமே காரணமாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன், உன் வண்டியிலும் அப்படி இருக்கக்கூடும். ஏர் ஃபில்டரை நீயே கழற்றிப் பார், பிறர் சொல்வதை நம்பாதே. டீசல் ஃபில்டரில் தேங்கும் நீரைப் புறப்படுவதற்கு முன் வடித்துவிடு. ரேடியேட்டருக்கு முன்னால் விளக்கும் பம்பரும் மாட்டிக் காற்றை மறைத்திருந்தால் எடுத்துவிடு.

இத்துடன் ஒரு மீட்டரும், மேனிஃபோல்டில் நுழைக்கும் கம்பியும் அனுப்பியிருக்கிறேன். புதியது. துளை எங்கே வரவேண்டும் என்று தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத் துளை போடச் சொல். வண்டியிலேயே வைத்துப் போட்டால் இரும்புத் தூள் டர்போவுக்குள் போய் அதன் இறக்கைகளைத் தின்றுவிடும். மாட்டியதும் முள்ளை ஒரு படம் எடுத்து அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

என் ஓட்டுநர் உரிமம் இன்னும் செல்லுபடியாகிறது. ட்ரெய்லர் கட்டிய வண்டியைப் பின்னால் எடுக்க எனக்கு இன்னும் கை பழக்கம் இருக்கிறது. எந்தத் தேதியில் புறப்படுகிறாய் என்று உன் தம்பியிடமாவது சொல்லி வை.

அப்பா