சிசிஎன்ஏ இல்லாம எம்.எஸ்ஸி. சேர முடியாதுன்னு யாரு சொன்னா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை டீக்கடையில உங்க பேப்பர விரிச்சேன், உள்ளேருந்து ஒரு பிட் நோட்டீஸ் விழுந்துச்சு, அது ஏஜெண்டு சொருகுனது, உங்க மேல கோவம் இல்ல. நெட்வொர்க் செக்யூரிட்டில வெளிநாட்டு மாஸ்டர் டிகிரி, சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனி பரிச்சை வச்சு குடுக்கிற நெட்வொர்க் சர்டிபிகேட்) கட்டாயம், எங்ககிட்ட படிச்சா சீட் உறுதின்னு போட்டிருந்தான். இத பாத்ததும் எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு, ஏன்னா இதே கதைய என் தங்கச்சி மவன்ட்டயும் ஒரு கன்சல்டன்சில சொல்லியிருக்காங்க, 65,000 ரூவா கட்டச் சொல்லி.

நான் பாளையங்கோட்டையில கேமரா, நெட்வொர்க் கேபிள் போட்டுக் குடுக்கிற கடை வச்சிருக்கேன், படிச்சது டிப்ளமோதான். ஆனா இவனுக்காக ரெண்டு மாசம் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு யுனிவர்சிட்டி அட்மிஷன் பக்கமா படிச்சேன். நான் பாத்த ஒண்ணுலகூட சிசிஎன்ஏ இருந்தாத்தான் சீட்டுன்னு இல்ல. இருந்தா நல்லது, வேலைக்குப் போறப்ப உதவும், ஆனா அது 3 வருசத்துல காலாவதி ஆயிரும், டிகிரிக்கு முன்னாடி எடுத்து வச்சுட்டு வெளிய வரும்போது அது செத்துப் போயிருந்தா என்ன லாபம்?

பயலுவ உண்மையிலேயே மாட்டிக்கிற இடம் வேற. இவன் படிச்சது மூணு வருச பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கேட் (GATE, எம்.டெக் மாதிரி மேல்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) பரிச்சைக்கு அப்ளை பண்ணு, எம்.டெக் கிடைக்கும், மாசம் 12,400 ஸ்டைபண்டு வரும்னு எவனோ சொல்லிட்டான். பி.எஸ்ஸி.காரன் கேட் எழுதலாம், அது உண்மைதான், ஆனா எம்.டெக், எம்.இ. சேரணும்னா பொதுவா நாலு வருச பி.இ., பி.டெக் கேக்காங்க, இல்லைன்னா எம்.சி.ஏ.வோ சம்பந்தப்பட்ட எம்.எஸ்ஸி.யோ முடிச்சவனுக்கு சில இடத்துல வழி உண்டு. பரிச்சை எழுத தகுதி வேற, சீட்டு வாங்க தகுதி வேற. இந்த ஒத்த வரிய யாரும் சொல்லாம அவன் ஒரு வருசத்த தொலைச்சுட்டான். எம்.எஸ்ஸி. சைபர் செக்யூரிட்டி, எம்.சி.ஏ. ரெண்டும் இவனுக்கு நேர் வழி, அது அந்த கன்சல்டன்சிக்கு தெரியாமலா இருக்கும்? அதுல கமிஷன் கிடையாதுல்லா.

வெளிநாடுன்னா இங்கிலாந்துல பல காலேஜ் மூணு வருச டிகிரிய ஏத்துக்கிடுது, மார்க்குதான் பாப்பாங்க, ஐஈஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் பரிச்சைல 6.5 வழக்கமா கேப்பாங்க, அந்த ஸ்கோர் 2 வருசம்தான் செல்லும், அதனால அவசரப்பட்டு எழுதிராதீங்க. ஜெர்மனிக்கு 2022 நவம்பர்லேருந்து ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம படிப்பு சர்டிபிகேட்ட சரிபாத்து குடுக்கிறது) இல்லாம மாணவர் விசா கிடையாது. அரசு யுனிவர்சிட்டில பெரும்பாலும் பீஸ் இல்ல, ஆனா செலவுக்குன்னு வருசத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்ட்ல (மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க விடுற பேங்க் கணக்கு) காட்டணும். பீஸ் இல்லைங்கிறத மட்டும் கொட்டை எழுத்துல போட்டு இத சின்ன எழுத்துல போடுவான்.

பேப்பர் தகுதியெல்லாம் இருக்கட்டும், படிக்க என்ன தெரிஞ்சிருக்கணும்? இவன் ஹேக்கிங், மால்வேர்னு (கம்ப்யூட்டர்ல புகுந்து கெடுக்கிற புரோகிராம்) வாய் ஓயாம பேசுவான். ஒருநாள் கடையில வச்சு, எலே, ஸ்லாஷ் 26 நெட்வொர்க்ல, அதாவது ஐபி அட்ரஸ்ல மொத 26 பிட்ட நெட்வொர்க்குக்குன்னு ஒதுக்குனதுல, எத்தனை மெஷின் மாட்டலாம்னு கேட்டேன், முழிக்கான். பழைய பில்லு பின்னாடி எழுதிக் காட்டுனேன், அட்ரஸோட மொத்தம் 32 பிட்ல 26 போனா மிச்சம் 6, ரெண்ட ஆறு தடவ பெருக்குனா 64, நெட்வொர்க் அட்ரஸ், பிராட்காஸ்ட்னு ரெண்ட கழிச்சா 62. இது வராதவன் பயர்வால் ரூல் (நெட்வொர்க்குக்குள்ள எத விடணும், எத தடுக்கணும்னு சொல்றது) எழுதுனா கதவ பூட்டிட்டு ஜன்னல தொறந்து வச்ச கதைதான்.

நம்ம மாவட்டத்து கூடங்குளம் அணுமின் நிலையத்தையே எடுத்துக்கோங்க. 2019ல அங்க நிர்வாக வேலைக்கு வச்சிருந்த, இன்டர்நெட்ல சேந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்தது உண்மைதான்னு அக்டோபர் 30ந்தேதி அந்த நிலையத்த நடத்துற அரசு கம்பெனி என்பிசிஐஎல்லே ஒத்துக்கிடுச்சு. உலை சம்பந்தப்பட்ட உள் நெட்வொர்க் தனியா பிரிச்சு இருக்குதுன்னும் சொன்னாங்க. இந்த மாதிரி கோர்ஸ் பேர்ல சிலதுல இன்ஃப்ராஸ்ட்ரக்சர்னு வருதே, அதுல ஒரு முக்கியமான பாகம் இந்த பிரிச்சு வைக்கிற வேலைதான், நானே ஜவுளிக்கடையில கேமராவுக்கு ஒரு வி-லேன் (VLAN, ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கிறது), பில்லு போடுற மெஷினுக்கு ஒரு வி-லேன்னுதான் போடுதேன்.

ஐயா, அட்மிஷன் சீசனுக்கு முன்னாடி எந்த டிகிரிக்கு எந்த மாஸ்டர் டிகிரி கிடைக்கும்னு அரை பக்கம் போடுங்க, அந்த நோட்டீஸ் மாதிரி இல்லாம எழுத்து ஒரே சைஸ்ல இருக்கட்டும். என் மருமவன் 65,000 கட்டல. எம்.சி.ஏ.க்கு டான்செட்னு தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு எழுதப் போறான், அதுவரைக்கும் கடையில என்கூடதான் நிக்கான். நேத்து சாயந்தரம் ஸ்லாஷ் 27ன்னா எத்தனைலேன்னு கேட்டேன், கேபிள் முனைய இறுக்குற கிரிம்பர கீழ வைக்காமலே முப்பதுன்னான்.

இப்படிக்கு,
ஒரு கேபிள் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.