ஓரல்ஸுக்கு இன்னும் பதினொரு நாள்

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கேப்டனாகப் போன முதல் கப்பலில், வழிகாட்ட ஏறியிருந்த துறைமுக பைலட் ஏணியிறங்கிப் போன பிறகு ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வர, "கேப்டனைக் கூப்பிடுங்கள்" என்று சொல்ல வாயெடுத்து, அந்தக் கேப்டன் நான்தான் என்பது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு மூட்டுவலி சற்றுப் பரவாயில்லை. காலைத் திருப்பலிக்கு மறுபடியும் நடந்தே போய்வருகிறார். அப்பா படகை விற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுக்கிறார்.

மாஸ்டர் ஓரல்ஸுக்கு, அதாவது கேப்டன் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வுக்கு, எனக்கு இரண்டாம் முறையாகத் தேதி கிடைத்திருக்கிறது. முதல் முறை என்னதான் நடந்தது என்று நீ நேராகவே கேட்டிருப்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

மேசைமீது ஒரு பழைய கடல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் விரல் நீளத்தில் இரண்டு மரக் கப்பல்களை வைத்திருந்தார் தேர்வாளர். ஒன்று என்னுடையது. மற்றொன்று என் போர்ட் பக்கம் (இடப்பக்கம்), முகப்பிலிருந்து ஏறத்தாழ 40 பாகை தள்ளி வந்துகொண்டிருந்தது; பேரிங், அதாவது அது தெரியும் திசைக் கோணம், மாறவில்லை, தொலைவு குறைகிறது, ஆகவே மோதும் பாதை; பார்வை தெளிவு. எளிய கேள்விதான். நான் ஸ்டாண்ட்-ஆன் கப்பல், அதாவது வழி மாறாமல் போக வேண்டியவன் என்றேன், கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 17-ஆம் விதியை வாசகம் பிசகாமல் ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினேன். பாதியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மூடுபனி இறங்குகிறது, அவர் இன்னும் கண்ணில் படவில்லை, ரேடாரில் மட்டும்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அந்த இரண்டாவது கப்பலை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேகத்தைக் குறைப்பேன், இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலி கொடுப்பேன் என்பதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "வழிவிட வேண்டிய கிவ்-வே கப்பல் அவர் என்பதால், அவர் விலகுகிறாரா என்று கவனிப்பேன்" என்று முடித்தேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத கப்பலிடம் கிவ்-வே என்பதும் இல்லை, ஸ்டாண்ட்-ஆன் என்பதும் இல்லை. அந்தப் பேச்செல்லாம் ஒன்றையொன்று கண்ணால் காணும் கப்பல்களுக்கு மட்டுமே உரியது. மூடுபனியில் இருப்பது 19-ஆம் விதி ஒன்றுதான், அதில் இருவருக்குமே விலகும் கடமை உண்டு என்பதைப் பதினைந்து வருடமாக ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் ஒன்றையொன்று ரேடாரில் முன்கூட்டியே பார்த்திருந்தும் மோதியதையும், ஒன்று போர்ட்டிலும் மற்றது ஸ்டார்போர்டிலும் (வலப்பக்கம்) திரும்பியதையும், 51 பேர் இறந்ததையும் நோட்டில் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். கேட்டிருந்தால் அத்தனையும் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று மேசைமேல் பனி இறங்கியபோது, என் மனம் பனிக்குள் போகவில்லை. வாய் மட்டும் பழகிய தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் பிரிட்ஜில் (ஓட்டுமிடத்தில்) இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று பல இரவு யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அதைத் தேர்வாளர் எப்படி நம்புவார்?

ஆகவே இந்த முறை படிக்கும் முறையை மாற்றிவிட்டேன். புத்தகத்தைத் திறக்காமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அப்பாவை எதிரே உட்காரவைத்து, உப்பு டப்பாவும் தீப்பெட்டியுமாகக் கப்பல்களை வைத்து, ஒவ்வொரு விதியையும் தமிழில் சொல்கிறேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். காரணம் புரியாமல் ஒப்பிக்கிறேன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். இதில் எனக்கு எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. 17-ஆம் விதியில் ஆங்கிலத்தில் 'ஷால்' வரும் இடமும் 'மே' வரும் இடமும் எது எது என்பதை நாம் எத்தனை நாள் எண்ணி மனப்பாடம் செய்தோம்! தமிழில் சொல்லும்போது அதை மறக்கவே முடியவில்லை. முதலில் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். எதிராளி விலகவில்லை என்பது தெளிவானதும் நானாக விலகலாம். அவன் மட்டும் விலகினால் மோதலைத் தவிர்க்க முடியாது என்னும் அளவுக்கு நெருங்கிவிட்டால் நானும் விலகியே ஆக வேண்டும். வேண்டும், லாம், ஆகவேண்டும் என்று வினைமுற்றே கட்டம் கட்டமாக இறுகிக்கொண்டு போகிறது. அப்பா அந்த நடுக்கட்டத்தில் என்னை நிறுத்தி, "அந்த 'லாம்' எப்போ தொடங்குது? நீ எப்படித் தெரிஞ்சுக்குவே?" என்று கேட்டார். சென்ற முறை அந்த அறையில் யாராவது அதைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். பேரிங்கை எத்தனை முறை எடுத்தேன், ஐந்து குறுகிய ஒலி கொடுத்தேனா, விளக்கால் எச்சரித்தேனா, என்ஜின் அறைக்குச் சொன்னேனா, இடப்பக்கம் இருப்பவனுக்காக நானும் இடப்பக்கம் திரும்பாமல் இருந்தேனா என்பவையெல்லாம் அந்த 'லாம்' என்ற ஓர் அசைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

உனக்குச் சிரிப்பு வரும் ஒன்றைச் சொல்கிறேன். 18-ஆம் விதிப்படி இயந்திரக் கப்பல், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்றதும் அப்பா, "ஒருத்தன்கூட விட்டதில்லையே" என்று தலையாட்டினார். சரி என்று மேலே போய், சட்டம் எதை 'மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலம்' என்கிறது என்று 3-ஆம் விதியின் விளக்கத்தைச் சொன்னேன்: வலை, நீளத் தூண்டில், இழுவலை ஆகியவை சேரும், ஆனால் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடுவது சேராது. அப்பா அந்தக் காலத்தில் சூரைக்கும் சீலாவுக்கும் அப்படித் தூண்டில் இழுத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். முகம் சிவந்துவிட்டது. "அப்போ நான் கடல்ல என்னலே செஞ்சேன், காத்து வாங்குனேனா?" என்று எழுந்தே போய்விட்டார். நான் காரணத்தைச் சொல்ல முயன்றேன்; 'ரெஸ்டிரிக்ட் மெனூவரபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொற்கள்தான் வாயில் வந்தனவே தவிர விளக்கம் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து அவரே திரும்பி வந்து உட்கார்ந்து, "சரிதான். தூண்டில் கெடந்தா படகை நெனச்ச பக்கம் திருப்பலாம். வலை கெடக்கும்போதுதான் கட்டிப்போட்ட மாதிரி. எவன் திருப்ப முடியாதவனோ அவனுக்கு வழி விடணும், அவ்வளவுதானே?" என்றார். 18-ஆம் விதியின் முழு வரிசையும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. கட்டுப்பாடு இழந்த கப்பல் ஏன் மேலே, பாய்மரம் ஏன் அதற்குக் கீழே என்பதை இனி நான் பட்டியலாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

மறுநாள் அவரைச் சமாதானப்படுத்த, 25-ஆம் விதியில் ஏழு மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகும், துடுப்புப் போடும் படகும் வேறு விளக்கு இல்லாவிட்டால் ஒரு டார்ச்சையோ எரியும் லாந்தரையோ கையில் தயாராக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்டினால் போதும் என்பதைச் சொன்னேன். அவர் அரிக்கேன் விளக்கைத் தார்ப்பாய்க்கு அடியில் மறைத்து வைத்திருந்து, கப்பலின் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தவுடன் தூக்கிக் காட்டிய கதைகளை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். இரண்டு நிறமும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நேரே தன்மேல்தான் வருகிறது என்பது அவருக்கு எந்த விதியும் படிக்காமலே தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விடையை மட்டும் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, எந்தப் பக்கத்து டேங்கை முதலில் நிரப்புவாய் என்ற நம் பழைய கேள்வி. சாய்வுக்குக் காரணம் சரக்கு ஒரு பக்கம் கூடியதா, அல்லது ஜி.எம். (கப்பலின் நிமிர்திறன் அளவு) எதிர்மறையாகி, நிமிர்ந்து நிற்க முடியாமல் வந்த 'லால்' சாய்வா என்று முதலில் பார்க்க வேண்டும். லால் என்றால் தாழ்ந்த பக்கத்து அடித்தட்டு டேங்கைத்தான் முதலில் நிரப்ப வேண்டும், உயர்ந்த பக்கத்தை நிரப்பினால் கப்பல் நிமிர்ந்து அப்படியே மறுபக்கம் வேகமாகப் புரண்டுவிழும். "சாஞ்ச பக்கமே தண்ணி விடுவானா? பைத்தியம்" என்கிறார் அப்பா. முன்பு ஒரு கப்பலில் மர லாக்குகளைத் தளத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது இதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொன்னால்கூட நம்ப மறுக்கிறார். இதை அவருக்கு விளங்கவைக்கும்வரை எனக்கே முழுதாக விளங்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

சட்டப் பகுதி ஒரு தலைவலி. நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டுகள் எல்லாம் 1958-ஆம் வருடத்து வணிகக் கப்பல் சட்டத்தின் பிரிவு எண்களோடு இருக்கின்றன. நாடாளுமன்றம் 2025-இல் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது, போதாக்குறைக்கு அதே வருடம் 1856-ஆம் வருடத்துப் பில் ஆஃப் லேடிங் என்னும் சரக்குச் சீட்டுச் சட்டத்துக்கும் 1925-ஆம் வருடத்துக் கடல்வழிச் சரக்குச் சட்டத்துக்கும் மாற்று வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் இன்னும் பழைய நோட்டுதான் விற்கிறது. ஜூனியர் பையன்கள் அதையே பைண்டு போட்டு எடுத்துப் போகிறார்கள், பாவம்.

இன்னொன்றும் செய்கிறேன்; நீ இதை யாருக்காவது சொல்லிக்கொடு. என் விடைகளைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்கிறேன். முதல் நாள் ஆறு நிமிட விடையில் 'பேசிக்கலி' என்ற சொல் பதினொரு முறை வந்தது, அதுவும் எனக்கு விடை தெரியாத இடங்களில் மட்டும் துல்லியமாக வந்தது. இப்போது கேள்வி கேட்டு முடிந்ததும் மூன்று மூச்சு விடும் நேரம் பேசாமல் இருந்து, பகலா இரவா, பார்வை எப்படி, என்னைச் சுற்றி வேறு யார் இருக்கிறார்கள், அடியில் ஆழம் எவ்வளவு என்று எனக்குள் கேட்டுக்கொண்ட பிறகே வாயைத் திறக்கிறேன். கேட்கத் தேவைப்பட்டால் தேர்வாளரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். போன முறை கேட்பது அவமானம் என்று நினைத்தேன்; ஜி.எம். என்ன, காற்று எந்தப் பக்கம் என்று கேட்காமல் கேப்டன் கட்டளை கொடுப்பானா?

உன்னிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, வியாழக்கிழமைக்குள் நீ இந்தப் பயணத்தில் உண்மையில் சந்தித்த ஒரு நிலைமையை, முடிவை எழுதாமல், மரக் கப்பல் வைப்பதுபோல் எண்களோடு எழுதி அனுப்பு. விடையை அனுப்பாதே.

இரண்டாவது அப்பாவினுடையது. இப்போது விசைப்படகுகளில் தளத்தில் எரியும் வெள்ளை எல்.இ.டி. வேலை விளக்குகள் ஊர்த் திருவிழாப் பந்தல்போல் இருக்கின்றன அல்லவா? மற்ற விளக்குகளை மறைக்கும் விளக்கு எதுவும் எரியக்கூடாது என்று 20-ஆம் விதி சொல்வதை அவரிடம் படித்துக் காட்டியதிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. உன் பிரிட்ஜிலிருந்து பார்க்கும்போது அந்த வெளிச்சத்துக்குள் இழுவலைப் படகின் பச்சைக்குக் கீழ் வெள்ளை என்ற அடையாள விளக்கு உனக்குத் தனியாகத் தெரிகிறதா, தெரிந்தால் எத்தனை மைலில், தெரியாவிட்டால் எத்தனை மைல்வரை தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். படகு உரிமையாளர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. அங்கே எழுந்து சொல்லப்போகிறாராம். மகன் சொன்னான் என்றால் எடுபடாது, கேப்டன் எழுதியிருக்கிறார் என்றால் கேட்பார்களாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்