போ ஹூப்புக்கு ஏல விலை மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களையும் அவர்கள் வைத்திருந்த பழைய ஷாட்கன்களையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்தப் பக்கமே யாரும் வருவதில்லை, அதற்காக முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க எந்தத் துப்பாக்கி எத்தனை டாலருக்குப் போனது என்றே ஓடுகிறது. அந்த மனிதர்கள் ஏன் அதைக் கையில் எடுத்தார்கள் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. படித்து முடிப்பவருக்கு இது ஏதோ பணக்காரர் வீட்டு அலமாரிச் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். எனக்கு அதில் வருத்தம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாமெல்லாம் ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து வளர்ந்தவர்கள். வேட்டை எழுத்து என்றாலே நமக்குக் கார்பெட்டின் .275 ரிக்பியும் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரும்தான், அதாவது ரைஃபிள்தான். ஷாட்கன் பெரும்பாலும் பறக்கிற பறவைக்கானது. ஒரே தோட்டாவில் நூற்றுக்கணக்கான ரவைகள் கிளம்புகின்றன, போகப் போகப் பரவுகின்றன, அந்தப் பரவலை அடக்குவது குழலின் வாயில் இருக்கும் ஒடுக்கம், அதைத்தான் சோக் என்கிறார்கள். இரண்டு குழல் கொண்ட டபுள் பேரலில் ஒரு குழல் கொஞ்சம் திறந்ததாகவும் இன்னொன்று இறுக்கமாகவும் இருக்கும். கிட்டே எழும்பும் பறவைக்கு ஒன்று, தூரம் போய்விட்டதற்கு மற்றொன்று, எது வேண்டும் என்று அந்த நொடியிலேயே முடிவு செய்யலாம். பழைய ஆட்கள் டபுள் பேரலை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம், இது கட்டுரையில் இல்லவே இல்லை.

சரி, அந்த வேட்டை எழுத்தாளர்களில் ஒருவரான நாஷ் பக்கிங்ஹாமுக்கு வருகிறேன். டென்னஸி மாநிலத்து மெம்பிஸ்காரர், 1880-இல் பிறந்து 1971 வரை வாழ்ந்தவர், மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துக் காட்டு வாத்து வேட்டையை அவரைப் போல எழுதியவர் யாரும் இல்லை என்பது என் எண்ணம். போ ஹூப் என்று பேர் பெற்ற அவருடைய ஷாட்கனை நீங்கள் ஒரே வரியில், அதுவும் விலையோடு, முடித்துவிட்டீர்கள். அது பிலடெல்பியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் கம்பெனி செய்த சூப்பர் ஃபாக்ஸ் என்ற மாடல், குழல் அளவு 12 போர், 3 அங்குலத் தோட்டா, 32 அங்குலக் குழல்கள், எடை ஏறக்குறைய பத்து பவுண்டு. குழல்களைக் குடைந்து கொடுத்தவர் பர்ட் பெக்கர் என்ற கைவினைஞர். சாதாரணமாக ஃபுல் சோக், அதாவது நன்றாக இறுக்கமான குழலில் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ரவைகள் விழுந்தால் போதும் என்பார்கள், பெக்கரின் குழல்கள் 90 சதவீதத்தை ஒட்டி வந்தன. உயரத்தில் போகும் வாத்தை அடித்தால் அது அங்கேயே செத்து விழ வேண்டும், காயத்தோடு நாணலுக்குள் போய்ச் சாகக் கூடாது என்று நினைக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். அவ்வளவு கனத்தை அவர் தூக்கிச் சுமந்ததும் அதற்காகத்தான். அந்தத் துப்பாக்கியின் வெடிச்சத்தத்தைக் கேட்டு 'போ ஹூப்' என்று பேர் வைத்தவர் அவருடைய நண்பர் கர்னல் ஹெரால்ட் ஷெல்டன்.

1948 டிசம்பரில் ஆர்கன்சாவில் வேட்டை முடிந்து பக்கிங்ஹாம் திரும்பும்போது அதிகாரிகள் லைசென்ஸ் பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். பேர் பெற்ற துப்பாக்கி ஆயிற்றே, பேச்சு அதைப் பற்றியே போனது, அதைக் காரின் மட்கார்டு மேல் வைத்தார்கள், அப்படியே மறந்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் போய் அந்தச் சாலை முழுக்கத் தேடினார், கிடைக்கவில்லை. நண்பர்கள் இன்னொன்று செய்து கொடுத்தார்கள், ஆனால் பழையதை அவர் சாகும்வரை பார்க்கவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் தோளில் வைக்கும் மரக்கட்டை உடைந்த நிலையில் தென் கரோலினாவில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அது ரிப்பேருக்கு வந்தது, குழலில் பொறித்திருந்த பெயரைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. நீங்கள் சொன்ன 2,01,250 டாலர் 2010 மார்ச் ஏலத்தில் வந்தது, உண்மைதான். ஆனால் அதை வாங்கியவர் பக்கிங்ஹாமின் நண்பர் ஒருவருடைய மகன், வாங்கிய கையோடு மெம்பிஸில் தலைமையகம் வைத்திருக்கும் டக்ஸ் அன்லிமிடெட் என்ற நீர்ப்பறவைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். இதை விட்டுவிட்டு விலையை மட்டும் போட்டால் எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாத்துகள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பைக் குறைக்கச் சொல்லியும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்தும் தானியம் தூவியும் மற்ற வாத்துகளை இழுப்பதை எதிர்த்தும் எழுதியவர் பக்கிங்ஹாம். 1935-இல் அமெரிக்க அரசு அந்த இரண்டையும் தடை செய்தது, ஒரே குழலில் அடுத்தடுத்துச் சுடும் ரிப்பீட்டர் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. அப்புறம் உங்கள் கட்டுரையாளர் அவரை வெறும் சுடுகிற ஆளாக மட்டும் காட்டுவது நியாயம் இல்லை.

இன்னொரு வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் பற்றியும் ஒரு வார்த்தை. .270 ரைஃபிளுக்காகவே அவரை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அரிசோனாவில் காடை சுட்டு வளர்ந்த அந்த மனிதர் விரும்பி வைத்திருந்த ஷாட்கன் வின்செஸ்டர் மாடல் 21 என்ற டபுள் பேரல். அந்த மாடலின் உறுதியைக் காட்ட அளவுக்கு மீறிய வெடிமருந்து நிரப்பிய சோதனைத் தோட்டாக்களை இரண்டாயிரம் வரை ஒரே துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தார்கள், அது அசையவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் வேட்டை எழுத்தாளர் ஜார்ஜ் பேர்ட் எவன்ஸ் கையில் இருந்த பர்டி என்ற லண்டன் கம்பெனியின் ஷாட்கனும் வயதில் மூத்த ஒரு நண்பரிடமிருந்து வந்ததுதான், கடையில் போய் வாங்கியது இல்லை.

இந்தப் பழைய குழல்களில் இரும்பு ரவையைப் போட்டுச் சுட முடியாது, சுட்டால் குழல் கெட்டுப்போகும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை செய்துவிட்டதால், இன்றும் இவற்றை எடுத்துக்கொண்டு வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஈயத்துக்குப் பதிலாகப் பிஸ்மத் என்ற உலோக ரவை போட்ட தோட்டாவைத் தேடி வாங்குகிறார்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஏலப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்துவிட்டு இதைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கோவை