எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை முழுவதும் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் திருமணம் பற்றிய கட்டுரையில், மனைவி கணவனுக்கு அடிமை என்பதுதான் கிறிஸ்தவ வேதம் சொல்லும் தாம்பத்தியம் என்று ஒரு வரி வந்திருந்தது. ஆதாரத்துக்குப் பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் ஒரே வசனம், எபேசியர் 5:22: "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்கும் கீழ்ப்படியுங்கள்." ஆராதனை முடிந்து வந்து பத்திரிகையை விரித்தேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் படித்தவர். 22க்கு முன்னால் 21 இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது அது. 25ஆம் வசனம் புருஷர்களைப் பார்த்து, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூருங்கள் என்கிறது. உயிரைக் கொடுக்கும் அளவு அன்பு ஆணிடம்தான் கேட்கப்படுகிறது. இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் ஒன்றைப் பிய்த்து எடுத்தால் எந்த வேதமும் கொடுமையாகத்தான் தெரியும்.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எங்கள் பிரசங்க மேடைகளிலும் அந்த ஒரு வசனம்தான் ஓங்கி ஒலிக்கிறது. என் தங்கச்சி அடி தாங்காமல் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் சபை மூப்பர் ஒருவர் வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி 22ஆம் வசனத்தைச் சொன்னார். அவளுடைய கன்னத்து வீக்கம் அப்போது வற்றியிருக்கவில்லை. எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். 25ஆம் வசனத்தை அவளுடைய புருஷனிடம் போய்ச் சொல்ல ஒருவரும் சைக்கிள் எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதே வேதத்தில் தெபொராள் நியாயாதிபதியாக இருந்து இஸ்ரவேலை நியாயம் விசாரித்தாள். உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோனவள் மகதலேனா மரியாள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேக்கும் சபை முழுவதுக்கும் முன்னால் நின்று, தகப்பனின் காணியில் எங்களுக்குப் பங்கு தா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்கிறார். ஐவரின் பெயரும் வேதத்தில் எழுதியிருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த இரண்டு பரப்புக் காணியை விற்கப் போனபோது, பத்திரம் எழுதும் நொத்தாரிசு காணி உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவர் ஒப்பம் வைக்கவேண்டும்" என்றார். காணி என் பெயரில். விற்க என் கணவர் சம்மதம். இது பைபிளில் எங்கும் இல்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும், அதையொட்டிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் சைவப் பெண், கிறிஸ்தவப் பெண் என்று பார்க்காமல் எங்கள் எல்லார் கையையும் இப்படிக் கட்டி வைத்திருக்கின்றன. யுத்தத்தில் காணாமல்போன கணவனின் ஒப்பத்துக்கு எங்கே போவது? அந்தப் பெண் தன் சொந்தக் காணிக்காக மாவட்ட நீதிமன்றப் படி ஏறவேண்டும். உங்கள் கட்டுரையாளர் அடிமைத்தனத்தைத் தேடியிருந்தால் எபேசு வரை போயிருக்கத் தேவையில்லை.

என் கணவர் சைவர். 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தோம். அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. விசுவாசியல்லாதவனோடு பிணைக்கும் அந்நிய நுகம் என்று என் சபையில் சொன்னார்கள். வேதக்காரி வீட்டைக் கெடுப்பாள் என்று அவருடைய சொந்தக்காரர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் நானும் மரக்கறிதான் சமைத்தேன். பெரிய வெள்ளியன்று நான் பசியோடு வருவேன் என்று மாமி பச்சையரிசிக் கஞ்சி வைத்து மூடி வைத்திருப்பார். விசுவாசியல்லாத கணவன் கூட வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் பிரியாதே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எனக்கு எடுத்துச் சொல்ல அன்று ஒரு போதகரும் இருக்கவில்லை. நானே தேடிப் படித்தேன்.

ஆறுமுக நாவலரை உங்கள் பத்திரிகை வருடந்தோறும் நினைவுகூர்கிறது. பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் அவர். பிறகு எங்கள் சமயத்தைக் கடுமையாக எதிர்த்தார். சரி, வரிவரியாகப் படித்துவிட்டு எதிர்த்தார். அந்த எதிர்ப்பை என்னால் மதிக்க முடிகிறது. மிஷனரிகள் மதம் மாற்ற வந்தவர்கள் என்பதை நானும் மறைக்கவில்லை. ஆனால் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளி திறந்தவர்களும் அவர்கள்தானே. அதையும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. கட்டுரை வந்த அதே இதழின் மணமகள் தேவைப் பக்கத்தில் "கிறிஸ்தவ வேளாளர்" என்று ஒரு விளம்பரம். ஞானஸ்நானம் பெற்றவனுக்குச் சாதி ஏது? "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று வேதத்தில் வாசித்துவிட்டு அப்படி விளம்பரம் கொடுப்பது எங்கள் வெட்கம். அதை வாரந்தோறும் காசுக்கு அச்சிடுவது உங்கள் வெட்கம். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், எபேசியர் 5ஆம் அதிகாரத்தின் 21ஆம், 25ஆம் வசனங்களை அச்சிடுங்கள். விளக்கம் வேண்டாம். கடிதத்தைச் சுருக்குவதானால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், வசனங்களை வெட்டவேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்.