மூன்று அட்டவணைகளிலும் விடுபடும் பெண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொங்கு மாவட்டங்களின் தேர்தல் மேடைப் பேச்சுகளை ஆராய்ந்து தாங்கள் வெளியிட்ட கட்டுரை, சாதி, பெண்கள், தொழிலாளர் ஆகியவை எத்தனை முறை பேசப்பட்டன என்பதை மூன்று தனி அட்டவணைகளில் காட்டியிருந்தது. அதன் பின்னுள்ள உழைப்பு பெரிது. ஆனால், திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடி வேலை (தையல்காரருக்கு உதவியாள் வேலை) பார்க்கும் அருந்ததியர் பெண்ணைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு சொல் பேசப்பட்டதா என்பது அந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் தெரியாது.

இதே சிக்கல் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னர் பணிமூப்பு பார்த்து ஆட்குறைப்பு செய்தபோது, தாமதமாகச் சேர்ந்த அவர்களே வேலையிழந்தனர். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாடு என்றோ பாலினப் பாகுபாடு என்றோ வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து வழக்காட இயலாது என்று 1976இல் தீர்ப்பு வந்தது. இத்தகைய தீர்ப்புகளை ஆராய்ந்தே சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, ஒன்றையொன்று வெட்டும் ஏற்றத்தாழ்வுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற கருத்தை 1989இல் முன்வைத்தார்.

அரசியல் பேச்சை ஆராய்வோருக்கு இதிலிருந்து கிடைக்கும் முறை, சொற்களை எண்ணுவதோடு நில்லாமல் வாக்கியத்தை அலகாகக் கொள்வதாகும். ஒரே வாக்கியத்தில் எந்த அடையாளங்கள் சேர்ந்து வருகின்றன, அங்கே அந்தப் பெண் உரிமை கேட்பவராக வருகிறாரா, உதவி பெறுபவராக மட்டும் வருகிறாரா என்று குறிக்க வேண்டும். நம் பகுதி மேடைகளில் பட்டியல் சாதியினரைச் சாதிப்பெயர் சொல்லாமல் 'காலனி மக்கள்' என்று கடந்துவிடும் வழக்கம் உண்டு. சாதிப்பெயரை மட்டும் தேடும் கணினிக்கு அது அகப்படாது. ஆகவே, ஊர்ப்பேச்சு அறிந்த இருவர் ஒரே உரையைத் தனித்தனியே படித்துக் குறித்து, வேறுபடும் இடங்களை ஒப்பிடுவது அவசியம்.

பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான சட்டமன்ற உரைகளில் அச்சமூகப் பெண்கள் எங்கே வருகிறார்கள்? பட்டியல் சாதி, பழங்குடியினர் தொகுதிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற 2023ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் மீதான நாடாளுமன்ற விவாதத்தில், பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு கேட்டோர் எந்தக் காரணங்களைச் சொன்னார்கள்? இவ்விரு அவைக்குறிப்புகளையும் அருகருகே வைத்து, இம்முறையில் தங்கள் நாளிதழ் அடுத்த ஆய்வை மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை ஒருவர்,
பெருந்துறை.