வீட்டு போர் தண்ணீர்: பெற்றோர்கள் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில், சில பிள்ளைகளின் முன்பற்களில் வெள்ளைத் திட்டுகளும், இரண்டொருவருக்குக் குறுக்கே பழுப்புக் கோடும் இருந்தன. ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த கறை இல்லை இது. குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால், பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே அதில் ஏற்பட்டுவிடுகிற குறை. தேய்த்தால் போகாது, ஆகவே பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் வீட்டு போரைத்தான் போடுகிறோம். சில வீடுகளில் தினமுமே அதுதான். "எங்க போர் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும் சார்" என்கிறார்கள். இருக்கட்டும். ஃபுளோரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. பாறையிலிருந்து கரைந்து வருவது அது. ஆழமும் பாறையும் மாறினால் அளவும் மாறும் என்பதால், பக்கத்து வீட்டு ரிசல்ட் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். டிடிஎஸ் மீட்டரும் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது.

அப்புறம், வீட்டுக்கு வந்து தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு, கரண்ட் கொடுத்து, செம்மண் நிறமாக்கிக் காட்டி ஆர்ஓ மெஷின் விற்கிறார்களே, அது பரிசோதனையே அல்ல. இரும்புக் கம்பி கரைந்து வரும் துருதான் அந்த நிறம். உப்பு குறைந்த ஆர்ஓ தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். ஆர்ஓ ஃபுளோரைடைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காசைப் போடும் முன் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துத் தருவார்கள். வரும் திங்கட்கிழமை காலை பிள்ளைகளிடம் இரண்டு லிட்டர் தண்ணீர் கொடுத்தனுப்பினால் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். தொட்டித் தண்ணீர் வேண்டாம். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயிலிருந்தே பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பி, பெயர், தெரு, போரின் ஆழம் மூன்றையும் ஒட்டி அனுப்புங்கள். எண்ணெய் கேன் வேண்டவே வேண்டாம். கட்டணத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.

கிணறோ போரோ கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் இருந்தால் கிருமிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அதற்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் நைட்ரேட் அளவையும் பாருங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 1.5ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். எல்லோருக்கும் போதாவிட்டால், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் அந்தந்த வீட்டாரிடம் மட்டும் தருவோம், பலகையில் ஒட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்