மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவனுக்கும், மற்றவர்களுக்கும்

பெயர் போட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

போன ஐப்பசி மழையின்போது, திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் பத்து நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு காலையில் கண் விழிக்கும்போதே கூட வந்தது. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியவில்லை. ஒரு உறவுக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன். "ஆம்பளை பேசுற பேச்சா இது?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நன்றி உனக்குத்தான், நண்பா. போனில் என் குரல் சரியில்லை என்று செம்மண்டலத்திலிருந்து மழையோடு மழையாக வந்து நின்றாய். திண்ணையில் உட்கார்ந்து நேராகவே கேட்டாய்: "சாகணும்னு தோணுதாடா?" ஆமாம் என்றேன். நீ பதறவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லை. "எத்தனை நாளா?" என்றாய். அப்புறம், "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்றாய். அதையும் சொன்னேன். இரண்டு மணி நேரம் நான்தான் பேசினேன். நடுவில் நான் அழுதபோது நீ எதுவும் பேசாமல் பக்கத்திலேயே இருந்தாய். அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாய்.

மேல்வீட்டு அக்கா, நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கைக்கு எட்டக் கூடாததை வாங்கிப் போய் உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். ராத்திரி சூடாக ரசம் வந்தது.

14416-இல் பேசிய சகோதரிக்கு என் முகம் தெரியாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எப்போதும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போனை வைக்கும் முன், "இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்டு, நண்பனிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைத்தீர்கள்.

டாக்டர் அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்று என் அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். மனதில் தோன்றுவதைச் சொல்வதற்குக் கேஸ் கிடையாது என்றீர்கள். முயற்சி செய்து பிழைத்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்வதைப் பொறுமையாக விளக்கினீர்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயந்து கேட்காமலே இருந்திருக்கிறாள் என் மனைவி. கேட்பதால் அந்த நினைப்பு வராது, தனியாகச் சுமப்பவருக்கு அது வழி திறந்துவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மாத்திரை இன்னும் ஓடுகிறது. சில நாள் பழைய நினைப்பு எட்டிப் பார்க்கிறது. அன்றைக்கு "இன்னைக்குச் சரியில்லை" என்று மட்டும் உனக்கு அனுப்புகிறேன், நண்பா. நீ வண்டியை எடுத்துவிடுகிறாய், சில்வர் பீச்சில் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறோம். போன ஞாயிறு மெசேஜ் எதுவும் அனுப்பாமலே போனோம். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம், என் மகள் அலையில் நனைந்துவிட்டு வந்து உன் மேல் மணலை அப்பினாள்.